மேசையில் ஒரே ஒரு மருந்து

பிப்ரவரி 11, சனி

கராஜுக்குள் நுழையும் முன் சங்கரண்ணன் கைப்பேசியை அணைத்துச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போகிறான். உள்ளே போனபின் யாரும் பேசக் கூடாது. நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த நாட்டில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் எடுப்பது குற்றமாம்.

"பாக்கதுக்குத் தடையில்ல. ஆனா தொட்டுராத கோமு. உன் படிப்புக்கே வெனையாயிரும்" என்றான்.

கார் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற அண்ணன் இவன். கல்யாண நாளை இரண்டு முறை மறந்தவன். அந்த மேசை முன் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைக் கழுவிக் காயவைத்து, அளவு பார்த்து, பின்புறத்தில் பிரைமர் என்கிற, அடிபட்டால் பற்றிக்கொள்ளும் சின்ன வில்லையைப் பொருத்துகிறான். பொருத்தியதும் ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவுகிறான். ஏன் என்று அப்புறம் வெளியே வந்து கேட்டேன்.

"இது தானாவே அடுத்த தோட்டாவை ஏத்திக்கிடுத ரைபிள். போல்ட்டுன்னு ஒரு இரும்புத்துண்டு ஓடிவந்து மோதும். பிரைமர் ஒரு மயிரிழை துருத்திக்கிட்டு இருந்தாலும், விசையத் தொடாமலே வெடிச்சிரும்."

பிறகு மருந்து. தோட்டாவுக்குள் போகும் பொடிக்கும் நம் மொழியில் மருந்து என்றுதான் பெயர். எடை போட்டு ஊற்றியபின் ஐம்பது கூடுகளின் வாயிலும் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறான். ஒன்றில் குறைந்தாலும் ஆபத்து, ஒன்றில் கூடினாலும் ஆபத்து. சுவரில் ஓர் அட்டை, அவனுடைய கோணல் கையெழுத்தில்: "மேசையில் ஒரே ஒரு மருந்து."

மதினி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பகவதி மதினி போன வருடம் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தவள். அண்ணன் செய்கிற தோட்டாக்கள் எல்லாம் அவளுக்குத்தான்.

"ரவை இருக்கு, மருந்து இருக்கு. உங்கண்ணன் உப்புமா கிண்டுதாரு, தட்டெடுத்துட்டு வா கோமு."

அண்ணன் திரும்பவே இல்லை. கையிலிருந்த கூட்டைக் கீழே வைத்து, அதுவரை ஊற்றியதையெல்லாம் திரும்பக் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

அமெரிக்காவின் இந்த ஐடஹோவில் குளிர் என்பது வெளியே இருக்கும் ஒன்றல்ல, எலும்பில் குடியேறிவிடும் ஒன்று. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை. எழுத்து நகராத நாளில் நான் சுத்தம் செய்வேன்.

மதினியின் சமையலறையில் எந்த டப்பாவும் உண்மை பேசாது. காப்பிப்பொடி பாட்டிலில் மிளகு. பிஸ்கட் டின்னில் வற்றல். 'சீனி' என்று எழுதியதில் உளுந்து. நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அரைப் பாக்கெட் துவரம்பருப்பு நான்கு இருந்தன, ஒன்றாக்கினேன். காலி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். தட்டுகள் மூச்சுவிட ஆரம்பித்தன.

அந்த வேகத்தில் கராஜுக்கும் போனேன். அலமாரியில் எலிப்புழுக்கை கிடந்தது. எல்லாவற்றையும் கீழே இறக்கித் துடைத்தேன். ஒரே கம்பெனியின் கறுப்புப் பாட்டில்கள் இரண்டு, இரண்டிலும் அடியில் கால் பங்கு. ஒன்றில் இருந்ததை மற்றதில் ஊற்றி மூடினேன். காலியானதைக் கழுவி, வாசல் பனி உருகத் தூவுகிற உப்பைப் போட்டுக் கதவோரம் வைத்தேன்.

இரண்டு மாதமாக வாடகை இல்லாமல் தங்கியிருப்பவள், அலமாரியாவது துடைக்க வேண்டாமா.

சாயங்காலம் அண்ணன் வந்து, "யாரு இதைச் சுத்தம் பண்ணுனது? பகவதி, நீயா?" என்றான்.

"பின்னே, உங்க தாத்தாவா?" என்றாள் மதினி, தானே செய்ததைப் போலவே. எனக்காகச் சொன்ன விளையாட்டுப் பொய். நான் தொட்டதாகத் தெரிந்தால் அண்ணன் குதிப்பான் என்று. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அலமாரியை மட்டுந்தான் துடைத்தேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 25, சனி

அண்ணன் இன்று அறுபது தோட்டா செய்தான். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு.

மேல் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கினான். "அட, பாதி இருக்கே. நான் தீரப்போவுதுன்னு நெனச்சேன்." சந்தோஷமாக இருந்தான்.

நான் மூலை நாற்காலியில்தான் இருந்தேன். பேசக் கூடாது என்பது விதி.

மார்ச் 5, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

காலை பத்தரைக்கு அண்ணன் கூப்பிட்டான். பயிற்சித் திடலில் மதினி சுட்டுக்கொண்டிருந்தபோது ரைபிள் வெடித்துவிட்டது. முதல் இருபது தோட்டாக்கள் ஒழுங்காகப் போயிருக்கின்றன. அடுத்ததில் மேல்பகுதி பிளந்து, தோட்டாக்கள் இருந்த பெட்டி அடிவழியே சிதறியிருக்கிறது. அதன் கீழேதான் மதினியின் இடது கை இருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னத்தில் கரும்புள்ளிகள். இடது கையின் இரண்டு விரல்களில் நரம்பு அறுந்துவிட்டது. மூன்றரை மணிநேரம் அறுவை.

மதினி பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவள். இடது கையில்தான் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பிடிப்பாள். விரல்கள் மடங்குமா என்று ஆறு வாரம் போனால்தான் சொல்ல முடியுமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திடல் பொறுப்பாளர் வந்து, அளவுக்கு மீறிய அழுத்தம், மருந்தில்தான் ஏதோ தவறு என்றார்.

"நான் செஞ்ச தோட்டா" என்றான் அண்ணன். "என் தப்புதான்."

நான் காப்பி வாங்கப் போனேன்.

மார்ச் 6, திங்கள்

மீதியிருந்த தோட்டாக்கள் எல்லாவற்றையும் நேற்றுச் சாயங்காலம் அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போட்டானாம். எல்லாவற்றிலும் எடை சரியாக இருந்தது என்று இன்று சொன்னான். மருந்தை வெள்ளைத்தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தானாம். பார்த்து என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.

அதன்பின் வாசலில் உப்புப் போடப் போனவன் வெகுநேரம் உள்ளே வரவில்லை. நேற்று பனியே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மார்ச் 8, புதன்

மேல் தட்டு ரைபிளுக்கு. கீழ் தட்டு கைத்துப்பாக்கிக்கு. இணையத்தில் இரண்டு நாளாகப் படித்தேன். கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிவது. அதை ரைபிளில் போட்டால் அதே எடை பல மடங்கு அழுத்தம் தரும். இரண்டும் கலந்திருந்தால், பாட்டிலில் எந்த இடத்தில் எது அதிகம் என்று யாராலும் சொல்ல முடியாது. இருபது தோட்டா நன்றாகப் போகலாம்.

எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தபோது எந்தத் தட்டில் எது இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கதவோரமிருந்த பாட்டிலின் உப்பை ஒரு பையில் கொட்டிவிட்டு, பாட்டிலை என் பெட்டிக்குள், குளிர்காலத் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

விசா போய்விடும். ஐந்து வருடப் படிப்பு. இதை எழுதிப் பார்க்கும்போது காரணம் போலத்தான் இருக்கிறது.

மார்ச் 13, திங்கள்

மதினி வீட்டுக்கு வந்து நான்கு நாள். ஒரு கையால் தலை பின்ன முடியாது என்பதால் தினமும் நான் பின்னிவிடுகிறேன். நல்ல அடர்ந்த முடி. பின்னால் நிற்பதால் முகம் தெரியாது. ஒரு நாளில் எனக்கு நிம்மதியான பத்து நிமிடம் அதுதான்.

அவர்கள் இருவரும் பேசுவதில்லை. அண்ணன் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைக்கிறான். மதினி அவன் போகும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்கிறாள். அவள் தூங்குவது கீழ் அறையில்.

"கை போச்சேன்னு இல்ல கோமு" என்றாள் இன்று. "மத்ததுல எல்லாம் மறதி. பெட்ரோல் போட மறப்பாரு, பிறந்தநாளை மறப்பாரு, சிரிச்சுட்டு விட்டுருவேன். இதுல ஒண்ணுலதான் இந்த மனுசனை நம்பலாம்னு இருந்தேன். என்னத்த கலந்தீங்க, எங்க கவனம் போச்சுன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். 'தெரியல, என் தப்புதான்'னு சுவரைப் பாத்துச் சொல்லுதாரு. ஒரு ஆளு பொஞ்சாதி கையில வெடிக்கப்போறதைச் செஞ்சிட்டு, தெரியலங்காரு."

நான் ரிப்பனைக் கட்டினேன்.

அம்மா சங்கரன்கோவிலிலிருந்து கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் பக்கத்து அறையில்.

"சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு ஒரு நெதானம் கெடையாது. நீயாவது கூட இருந்து பாத்திருக்கக் கூடாதாட்டி? மூலையில ஒக்காந்து பாப்பேன்னு சொல்லுவியே?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றேன்.

மார்ச் 18, சனி

அண்ணன் தோட்டா செய்யும் இயந்திரத்தை மேசையிலிருந்து கழற்றி விற்றுவிட்டான். சுவரில் ஆணித்துளைகள் மட்டும். அட்டையையும் எடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்பில் முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று, கவனக்குறைவு என்னுடையது, இனி நான் தோட்டா செய்யமாட்டேன் என்று சொன்னானாம். கிளப் நண்பர் ஒருவர் வந்து என்னிடம் சொன்னார். அவனிடம் மற்றவர்கள் சந்தேகம் கேட்க வருவார்களாம். இந்தப் பக்கத்தில் அவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர் வேறு யாரும் இல்லையாம். "அவருக்கே இப்படி நடக்கும் என்றால்…" என்று முடிக்காமல் போனார்.

மார்ச் 19, ஞாயிறு

மதினி ஏப்ரல் இரண்டாம் தேதி டாலஸுக்குப் போகிறாள், தங்கை வீட்டுக்கு. திரும்பும் டிக்கெட் போடவில்லை.

மார்ச் 22, புதன்

இந்த நோட்டில் எழுதாமல் விட்ட ஒன்று.

யாரும் படிக்காத இடத்தில்கூட விட்டிருக்கிறேன். மனிதர்கள் தங்களுக்கே எப்படிப் பொய் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எத்தனை நாவல்களில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அடிக்கோடு போட்டவள் வேறொருத்தி போலிருக்கிறது.

பிப்ரவரி 19 அன்று, ஊற்றுவதற்கு முன், இரண்டு லேபிள்களையும் படித்தேன். எண் வேறு வேறு என்பதைப் பார்த்தேன். ஒரு வினாடி கை நின்றது. அண்ணனைக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் தொட்டது தெரிந்துவிடும். தயாரிப்பு வரிசை எண்ணாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஊற்றினேன்.

25ஆம் தேதி அவன் பாட்டிலைக் குலுக்கியபோது அந்த எண் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் கைக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஆறடி. வாயைத் திறந்திருக்கலாம். அதிகம் போனால் ஒரு திட்டு.

மார்ச் 26, ஞாயிறு

மதினி தூங்கியபின் மத்தியானம் பாட்டிலை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அண்ணன் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரில் வைத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மூன்று வாரமாக யோசித்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

அவன் பாட்டிலைப் பார்த்துவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தான்.

"உப்பை என்ன பண்ணுன?"

"உனக்குத் தெரியுமா?"

"தாள்ல கொட்டிப் பாத்தப்பவே ரெண்டு விதமாத் தெரிஞ்சுது. கீழ்த்தட்டுல ஒரு பாட்டிலக் காணல. வாசலுக்குப் போனேன், கதவுகிட்ட உப்போட நிக்கி. தொடச்சது தான்னு பகவதி சொன்னது வெளையாட்டுக்குன்னு அப்பந்தான் புரிஞ்சுது, காலி டப்பாவைக் கழுவி வைக்கவ நீதான். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."

"அப்போ ஏண்ணே சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." துணியை மடித்தான். "மூணு நாளு கழிச்சுப் பாத்தா, பாட்டில் அங்க இல்ல. சரி, இவ சொல்லமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு."

நான் பாட்டிலின் மூடியை இன்னொரு திருகு திருகினேன்.

"படிப்பு முடிய இன்னும் நாலு மாசம். நீ தொட்டேன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகுமோ. அதோட, பாதி பாட்டில் இருக்கேன்னு நெனச்சேம்லா, அப்பவே நின்னு யோசிச்சிருக்கணும். சந்தேகம் வந்த மருந்தைத் தொடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதவன் நான். அது என் தப்புதான் கோமு. பொய் சொல்லல."

"மதினிட்ட நான் சொல்லுதேன்."

"வேண்டாம். அவ உன்னைய மன்னிக்கமாட்டா."

"உன்னையவும்தான் மன்னிக்கல."

"நான் புருசன்" என்றான் அண்ணன், அது ஏதோ இதற்கென்றே உள்ள வேலை என்பதைப் போல.

மார்ச் 29, புதன்

இன்றும் தலை பின்னினேன். சொல்லவில்லை.

மார்ச் 31, வெள்ளி

இன்றும்.

ஏப்ரல் 1, சனி

காலையில் மதினியின் பெட்டி வாசலருகே வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து சீப்பைத் தோளுக்குமேல் நீட்டினாள். மூன்று கால் பிரித்தேன். பாதி பின்னியபோது, அவள் பின்னந்தலையிடம் சொன்னேன்.

"மதினி, அன்னைக்கு அலமாரி துடைச்சப்ப ரெண்டு மருந்தும் ஒண்ணா கலந்துருச்சு."

அவள் அசையவில்லை.

"கலந்துருச்சா?"

"ம்."

"தானா எந்திரிச்சு நடந்துபோய் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துருச்சோ?"

என் கை அவள் முடியைப் பிடித்தபடியே இருந்தது.

"முடியை விடு. முன்னால வா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சுற்றி வந்து நின்றேன். நான்கு வாரத்தில் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தேன். கன்னத்துக் கரும்புள்ளிகள் போகவில்லை, அவை போகாதாம். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நான் கலந்தேன் மதினி. எண் வேற வேறன்னு தெரிஞ்சு கலந்தேன். அண்ணன் அதுல இருந்து எடுத்துத் தோட்டா செய்யும்போது பாத்துக்கிட்டு இருந்தேன், சொல்லல. வெடிச்சதுக்கு அப்புறமும் சொல்லல. பாட்டிலை ஒளிச்சு வச்சேன்."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும். நான் சொல்லல. அவனாவே கண்டுபிடிச்சான்."

மதினி தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். அதைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த மனுசன் கொண்டுவந்து வச்ச தண்ணியை ஒரு நாளு கீழ கொட்டினேன்" என்றாள். "அவரு பாக்க. தொடச்சுட்டுப் போனாரு. அண்ணனும் தங்கச்சியும் சேந்து ஒரு மாசம் அவரை வெறுக்க வச்சிட்டீங்களேடி என்னைய. கை என் கை, அது சரியாப்போனாலும் போவும், போவாட்டாலும் போவும். இந்த ஒரு மாசத்தை நான் எங்க கொண்டுபோய்க் கழுவ?"

எழுந்தாள். பாதிப் பின்னல் அவிழ்ந்து முதுகில் விழ, மாடிக்குப் போனாள். கதவு திறந்த சத்தம். பிறகு அவளுடைய குரல், வீடு முழுக்க.

"பெரிய தியாகியோ? யாரு கேட்டா உங்கள? நான் யாரு இந்த வீட்டுல, வாடகைக்கு வந்தவளா?"

அண்ணன் ஏதோ சொன்னான். அவள் அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். மூன்று வாரமாகப் பேசாமல் இருந்தவர்கள் ஒரு மணிநேரம் சண்டை போட்டார்கள். ஏதோ விழுந்து உடைந்தது. நடுவில் அண்ணன் அழுத சத்தம் கேட்டது. அவன் அழுது நான் கேட்டதே இல்லை, அப்பா போன அன்றுகூட.

நான் சீப்பைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

டாலஸுக்கு இருவருமாகப் போகிறார்கள். அண்ணன் நேற்றே அவனுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். மதினிதான் எடுக்கச் சொன்னாளா என்று தெரியாது, கேட்கிற உரிமையும் இல்லை.

மதினி ஒரு கையாலேயே முடியை வாரி, ஒரு ரப்பர் வளையத்தில் கோணலாகச் செருகியிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அத்தைட்ட நான் சொல்லமாட்டேன். இவரும் சொல்லமாட்டாரு. கிளப்புலயும் போய்ச் சொல்லமாட்டாரு, எனக்குத் தெரியும்."

"நான் சொல்லுதேன் மதினி."

"எப்போ? அடுத்த பங்குனிக்கா?"

அண்ணன் பெட்டியைத் தூக்கினான். கார் போகும்போது அவன் மட்டும் கையை உயர்த்தினான்.

கிளப் செயலாளருக்கு நடந்ததை எழுதினேன். என் பெயர், தேதி, இரண்டு பாட்டில்களின் எண். ஆங்கிலத்தில் எழுதும்போது 'கலக்கப்பட்டது' என்று முதல் வாக்கியத்திலேயே செய்தவள் காணாமல் போனாள். திருத்தித் திரும்ப உள்ளே கொண்டுவந்தேன். விசா அலுவலகத்திலிருந்து கேட்டால் அவர்களுக்கும் இதேதான் பதில். அனுப்பிவிட்டேன்.

மாலை ஆறரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஆறு. பால்காரர் சைக்கிள் மணி கேட்டது.

"என்னட்டி விடிஞ்சதும் விடியாம? பகவதிக்குக் கை எப்படி இருக்கு? அந்தத் தடிப்பய இப்பமாவது ஒழுங்கா இருக்கானா? நேத்துக்கூட அவனைக் கூப்பிட்டு நல்லா நாலு கேள்வி கேட்டேன், பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தியேடான்னு. ஒத்த வார்த்தை திருப்பிப் பேசல, பாத்துக்கோ. பேச வாய் ஏது?"

"அம்மா, அண்ணன் இல்ல. நான்."

"என்ன நீ?"

சொன்னேன். முன்னால் வந்து நின்று சொல்ல முடியாத தூரம் என்பதால் ஒவ்வொரு வார்த்தையையும் மெதுவாகச் சொன்னேன். அம்மா குறுக்கே பேசவில்லை. பால் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ நேத்து நான் அவனைப் பேசுனதெல்லாம்?" என்றாள்.

நான் போனைக் காதோடு வைத்திருந்தேன். அம்மாவும் போனை வைக்கவில்லை.